எங்களிடம் இருக்கிற பெட்டியில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்

தலைமை அலுவலகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் உள்ள சேர்மார், மிஸ்மார் அனைவருக்கும்,

வணக்கம். நான் மண்டூர்ப் பக்கத்துக் கிளை ஒன்றில் கணக்கு எழுதுபவள். பெயர் வேண்டாம், கிளை இலக்கமும் வேண்டாம். கடந்த மாத முடிவில் உங்கள் பட்டியலில் சிவப்பு அடித்துக் காட்டப்பட்ட கிளைகளில் ஒன்று என்றால் போதும்.

எக்செலோடு ஒட்டி ஓடுகிற சிறு நிரலான புதிய அட்-இன் பற்றிய உங்கள் சுற்றுநிருபம் 25ஆம் திகதி பின்னேரம் நான்கு மணிக்கு எங்கள் கைக்கு வந்தது. மாத முடிவோடு பழைய சேர்வர் மூடப்படும், இனி எக்செலில் இருந்து புதிய அட்-இன் ஊடாக மட்டுமே கணக்கு ஏற்றலாம், நிறுவப் பத்து நிமிடம் போதும் என்று அதில் இருந்தது. பின்விளைவு உங்களுக்கும் தெரியும். ஹொட்லைன் பதிவுகளில் எங்கள் கிளையின் அழைப்பு மட்டும் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

நீங்கள் பார்க்காதது எங்கள் மேசைகளை. எங்களிடம் மூன்று கணினி. மூன்றும் வெவ்வேறு காலத்தில் நீங்களே அனுப்பியவை. மூன்றுக்கும் வெவ்வேறு நோய் வந்தது.

முகாமையாளரின் லப்டொப் புதியது. அதில் அட்-இன்னை நிறுவுகிற நிரல், அதுதான் நிறுவி, ஓடி முடிந்து, வெற்றி என்று பச்சைச் சரி அடையாளமும் காட்டியது. எக்செலைத் திறந்தால் மேலே உங்கள் பட்டன் இல்லை. ஒப்ஷன்ஸ் போய், அட்-இன்ஸ் போய், பட்டியலை மேலும் கீழும் உருட்டினோம். அங்கே பெயர்கூட இல்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. ஒபிஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை. ஒபிஸ் 2019 தொடக்கம் மைக்ரோசொப்ட் தானாக 64 பிட்டைத்தான் போடுகிறது. உங்கள் நிறுவியோ வின்டோஸின் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் 32 பிட் ஒபிஸ் பார்க்கிற பக்கத்தில் மட்டும் பெயரை எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடுகிறது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் தந்தி போட்டுவிட்டு, மேற்கே படுவான்கரையில் ஆளைத் தேடின கதை.

என்னுடையது வின்டோஸ் 10, ஒபிஸ் 2016. அங்கே நிறுவியே பாதியில் நின்றது. டொட் நெட் 3.5 என்ற மைக்ரோசொப்டின் துணை நிரல் வேண்டுமாம். வின்டோஸ் 10இல் அது தானாக இருக்காது, இன்டர்நெட்டில் இருந்து இறக்க வேண்டும். எங்கள் டொங்கிள் ஒன்றரை மணித்தியாலம் முக்கி முனகி, எண்ணும் எழுத்தும் கலந்த பத்தெழுத்துக் குறி ஒன்றைத் துப்பிவிட்டுப் படுத்துவிட்டது. புதிய அட்-இன் என்று எழுதியிருந்தீர்கள். டொட் நெட் 3.5 வெளிவந்தது 2007இல். கோபிக்கக் கூடாது, எது புதியது என்று சொன்னால் நாங்களும் சந்தோசப்படுவோம்.

காசாளர் மேசையில் இருப்பது வின்டோஸ் 7, ஒபிஸ் 2010. கிழவன்தான். ஆனால் அதில் மட்டும்தான் உங்கள் பட்டன் வந்தது. அழுத்தினால் சேர்வரைத் தொட முடியவில்லை என்றது. ஹொட்லைனுக்கு எடுத்தேன்.

"மிஸ், அது உங்கட இன்டர்நெட் பிரச்சினை."

"தம்பி, இதே கணினியில குரோமில உங்கட சேர்வர் முகவரியை அடிச்சா வடிவாத் திறக்குது."

"அது வேற, இது வேற மிஸ்."

உண்மையில் வேறுதான். ஏன் வேறு என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. அடுத்த நாள் வேறொருவர், கணினியை நிறுத்தி எழுப்பச் சொன்னார். அதற்கடுத்த நாள் இன்னொருவர், அழித்துவிட்டுத் திரும்ப நிறுவச் சொன்னார். எழுப்பினோம், அழித்தோம், நிறுவினோம். நாலாம் முறை நிறுவும்போது எங்கள் காவலாளி ஐயா, "இந்தப் பெட்டிக்கு ஒருக்கா நூல் கட்டிப் பாருங்களன் மிஸ்" என்றார். ஹொட்லைன் சொன்னதைவிட அது மோசமான யோசனை இல்லை.

30ஆம் திகதி மத்தியானம் களுவாஞ்சிகுடியில் கணினி திருத்துகிற ஒரு தம்பியைக் கூப்பிட்டோம். பதினைந்து நிமிடத்தில் கண்டுபிடித்தான். நீங்கள் புதிய சேர்வரில் இணையப் பேச்சைப் பூட்டி அனுப்புகிற ரி.எல்.எஸ். முறையில் 1.2க்குக் குறைந்த எதையும் ஏற்காதபடி பூட்டியிருக்கிறீர்கள். நல்ல விடயம், பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால் டொட் நெட் 3.5இல் எழுதிய நிரல், யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால், பழைய 1.0இல்தான் பேச்சைத் தொடங்கும். குரோம் தன் சாவியைத் தானே கொண்டுவருவதால் உள்ளே போய்விடுகிறது. உங்கள் அட்-இன் வின்டோஸிடம் சாவி இரவல் கேட்டு வாசலிலேயே நிற்கிறது. மைக்ரோசொப்டின் திருத்தங்களை ஏற்றி, ரெஜிஸ்ட்ரியில் சில வரிகளைப் போட்டால் சரி. என் மேசைக்கும் வின்டோஸ் இறுவட்டில் இருந்தே டொட் நெட்டை ஏற்றினான், பிறகு பார்த்தால் அதற்கும் இதே வாசல் பிரச்சினை, இதே வரிகள்.

அந்தச் சில வரிகள் உங்கள் சுற்றுநிருபத்தின் அடியில் இருந்திருக்க வேண்டியவை. சேர்வரைப் பூட்டிய கைக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. எங்களிடம் இருக்கிற மாதிரி ஒரு பெட்டியில் ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்ணில் பட்டிருக்கும். நான் கேட்பது இது ஒன்றுதான். அனுப்ப முன்னர் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அன்று பின்னேரம் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். காசாளர் மேசையில் பின்னேரம் ஐந்து மணிக்கு ஏற்றத் தொடங்கினேன். பாதி ஏறியபோது எக்செல் விழுந்தது. திரும்பத் திறந்தால் பட்டனைக் காணவில்லை. தன்னை விழுத்திய அட்-இன்னை எக்செல் தானே முடக்கி வைக்கும், டிசேபிள்ட் ஐட்டம்ஸ் என்ற பட்டியலில் போய் விடுவிக்க வேண்டும் என்பது இப்போது எனக்கு மனப்பாடம். அன்று தெரியாது. ஹொட்லைன் ஐந்தரைக்கு மூடிவிட்டது. களுவாஞ்சிகுடித் தம்பிக்குக் கோல் எடுத்து, அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழுத்தி, கடைசித் தாள் ஏறி முடிய ஆறு ஐம்பது.

நான் குருமன்வெளி. மண்டூரில் இருந்து பாதையில் ஏறினால் வாவியைக் கடந்து வீட்டுக்குப் போய்விடலாம். பாதை என்றால் தெரு இல்லை சேர், வாகனத்தோடு ஆளை ஏற்றுகிற மிதவை. கடைசிப் பாதை போய்விட்டது. துறையில் ஆள் இல்லை, அக்கரையில் எங்கள் ஊர் வெளிச்சம் தெரிகிறது. பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணனுக்குச் சொல்லி, அவர் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி, வெல்லாவெளி வழியாக மோட்டார் சைக்கிளில் வந்து சேர எட்டரை.

திரும்பிப் போகும் வழியில், வெல்லாவெளிக்கு இந்தப் பக்கம், வயல் ஓரத்தில் முன்னால் போன லொறி நின்றுவிட்டது. யானை. அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதினம் இல்லை. எத்தனை வீட்டுச் சுவர், எத்தனை உயிர் போயிருக்கிறது என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். அண்ணன் எஞ்சினை நிறுத்தினார், லைட்டை அணைத்தார். சோளம் உடைகிற மாதிரி ஒரு சத்தம் இருட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. என் மடியில் பை, பைக்குள் உங்கள் அட்-இன்னின் நிறுவல் வழிகாட்டி. அண்ணன் மெதுவாக, "என்ன புள்ள வேலை இது, இந்த நேரம் மட்டும்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? 32 பிட், 64 பிட் என்றா?

லொறி நகர இருபது நிமிடம் ஆனது. வீட்டுக்கு வந்து கைபேசியைப் பார்த்தால் உங்கள் மின்னஞ்சல். 'நேரத்துக்குச் சமர்ப்பிக்காத கிளைகள்.' நாங்கள் மூன்றாவது. பட்டியல் மாலை ஆறு மணிக்கு எடுத்ததாம். சுற்றுநிருபத்தில் நள்ளிரவு பன்னிரண்டு என்று இருந்ததை நான் சும்மா ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

வழிகாட்டியைச் சொன்னேன் அல்லவா. அதையும் சொல்லாமல் விட முடியவில்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்கிறது. அந்த மரியாதைக்குத் தமிழ் வழிகாட்டி ஒன்றும் தந்தீர்கள், நன்றி. ஆனால் அதை எழுதியவர் மனிதரா என்று எங்கள் கிளையில் இன்னும் வாதம் நடக்கிறது. இரண்டாம் பக்கத்தில், நிறுவியின் மேல் வலது சொடுக்கி 'நிர்வாகியாக ஓடவும்' என்று இருக்கிறது. எங்கள் முகாமையாளருக்கு வயது ஐம்பத்தாறு, முழங்காலில் வருத்தம். அவர் ஓட மாட்டார். மூன்றாம் பக்கத்தில் 'நாடாவில் தாவலைக் காண்க' என்று இருக்கிறது. எக்செலின் மேலே உள்ள பட்டன் வரிசையை ரிபன் என்றே எழுதியிருந்தால் எங்களுக்கு விளங்கியிருக்கும். தையல் மெசின்காரர் போல நாடா தேடி அரை நாள் போனது.

பெயர்ப் பிரச்சினையும் அப்படித்தான். வாடிக்கையாளர் பட்டியல் முழுக்கப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் காலத்தில் நீங்கள் தந்த விசைப்பலகை அதுதான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் உண்மையில் கிடப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. இன்றைய பொது எழுத்து முறையான யுனிகோட் மட்டும் தெரிந்த உங்கள் புதிய சேர்வருக்கு எங்கள் வாடிக்கையாளர் எல்லோரும் வெள்ளைக்காரர் ஆகிவிட்டார்கள். அதற்கு 'கிளையின் தரவு சிதைந்துள்ளது' என்று பதில் எழுதினீர்கள். எங்கள் தரவு சிதையவில்லை சேர். மாற்றித் தருவதற்கு மாற்றிகள் இருக்கின்றன, ஒரே ஒரு நாள் அவகாசம் தந்திருந்தால் நாங்களே மாற்றியிருப்போம்.

கடைசியாக ஒரு ஆலோசனையும் வந்தது. எல்லாவற்றையும் வின்டோஸ் 11க்கு மாற்றுங்கள் என்று. வின்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடும், வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபரோடும் மைக்ரோசொப்ட் இலவச ஆதரவை நிறுத்திவிட்டது, அது உண்மை, பாதுகாப்புக்கு மாறத்தான் வேண்டும். ஆனால் வின்டோஸ் 11க்கு ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். காசாளர் மேசைக் கிழவனை அதற்கு மாற்றச் சொல்வது, எங்கள் மண்டூர்ப் பாதையை விமானமாக மாற்றச் சொல்கிற மாதிரி. புதுக் கணினி அனுப்புகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், இன்றைக்கே மேசையைத் துடைத்து வைக்கிறேன். அனுப்பவில்லை என்றால், இருக்கிற கணினியில் ஓடுகிற மாதிரித் தாருங்கள். இரண்டில் ஒன்று.

கோபத்தில் கொஞ்சம் கூட எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும். உங்கள் பிரிவில் ஆள் குறைவு, உங்களுக்கும் மேலே இருந்து திகதி குறித்துத் தருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஹொட்லைன் தம்பிமாரில் ஒருவர் இரவு ஒன்பதுக்குத் தன் சொந்தக் கைபேசியில் எடுத்து, "மிஸ், வீட்டுக்குப் போய்ச் சேந்திட்டீங்களா?" என்று கேட்டார். அவருக்கு நன்றி.

ஆகவே தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பதிப்பை அனுப்ப முன்னர் எங்கள் கிளைகளில் இருப்பது போன்ற கணினி ஒன்றில் போட்டுப் பாருங்கள். எந்த வின்டோஸில், எந்த ஒபிஸில், 32 பிட்டிலா 64 பிட்டிலா போட்டுப் பார்த்தீர்கள் என்பதைச் சுற்றுநிருபத்தில் ஒரு வரியில் எழுதுங்கள். எங்கள் கிளைகள் எல்லாம் ஒரு மாத முடிவைப் புதியதில் ஒழுங்காகக் கடக்கும் வரை பழைய சேர்வரைத் திறந்து வையுங்கள்.

சோதிக்க அப்படி ஒரு கணினி தலைமை அலுவலகத்தில் இல்லை என்று சொல்லக்கூடும். அதற்கும் வழி இருக்கிறது. முகாமையாளரிடம் கதைத்துவிட்டேன், அவருக்குச் சம்மதம். லப்டொப்பில் இன்னும் பட்டன் வரவில்லை, அதை விட்டுவிடுவோம். காசாளர் மேசைக் கிழவனைப் பெட்டியில் கட்டி, சுற்றிலும் வைக்கோல் வைத்து, மட்டக்களப்பில் உதயதேவி ரயிலில் ஏற்றி அனுப்புகிறோம். உங்கள் மேசையில் வைத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு கிழமை வைத்திருக்கலாம். மாத முடிவுக்கு இரண்டு நாள் முன்னர் மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள், எங்களிடம் ஒழுங்காக ஓடுவது அதுவும் என்னுடையதும்தான். பவர் வயர் கொஞ்சம் ஆடும், பின்னால் ஒரு காகிதம் மடித்துச் செருகியிருக்கிறேன், அதைக் கழற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
மண்டூர்ப் பக்கத்துக் கிளையின் கணக்கு எழுதுபவள்