கிரேஸ் லின்னை வாசித்த வருடம்: சிறுவர் நூலகச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பெற்றோர்களுக்கும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் செயலாளரின் வணக்கம்.

மாசசூசெட்ஸில் நம் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் இந்த நூலகத்தில், வருடத்துக்கு ஓர் எழுத்தாளரை எடுத்து முழுக்க வாசிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். முதல் வருடத்துக்கு எழுத்தாளரும் ஓவியருமான கிரேஸ் லின்னைத் தேர்ந்தெடுத்தோம். அவரும் நம் மாநிலத்தில் வசிப்பவர்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அவர் கதைகளில் வரும் வீடுகள் நம் வீடுகளைப் போலவே இருப்பது.

தைவானிலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்கு 1974-இல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் நியூ ஹார்ட்ஃபோர்டில் வளர்ந்தார். பள்ளியில் சீன முகம் என்றால் இவரும் இவருடைய சகோதரிகளும்தான் என்கிற அளவுக்குத் தனிமை. ‘தி இயர் ஆஃப் த டாக்’ நாவலில் ஒரு காட்சி வருகிறது. பள்ளியில் ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ நாடகத்தில் கதாநாயகி டோரதி வேடம் போட ஒரு சிறுமி ஆசைப்படுகிறாள். ‘டோரதி சீனப் பெண் இல்லையே’ என்கிறாள் கூட இருக்கும் தோழி. தோழி அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அதனால்தான் அது அவ்வளவு வலிக்கிறது. நம் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை வாசித்தபோது பிள்ளைகள் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் குழந்தை, ‘எனக்கும் இப்படிச் சொல்லியிருக்காங்க’ என்றாள். அவள் அம்மாவுக்கே அது அன்றுதான் தெரியும்.

பதினொரு வயதில் அம்மா அலமாரியில் வைத்த சீன நாட்டார் கதைப் புத்தகங்கள் கிரேஸ் லின்னுக்குப் பிடிக்கவில்லை. மொழிபெயர்ப்பு கரடுமுரடு, படங்கள் வெறும் கோடுகள். ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைனில் ஓவியம் படித்து 1996-இல் பட்டம் பெற்றார். படிக்கும்போது ரோம் நகரில் தங்கியிருந்த காலத்தில்தான், இத்தாலியக் கலையைப் பற்றி இவ்வளவு தெரிந்த தனக்குத் தன் சொந்தக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று உறைத்தது. அப்புறம்தான் சீன நாட்டுப்புற ஓவியங்களின் அடர்ந்த வண்ணங்களும் சுருள் சுருளான மேகங்களும் அவர் படங்களுக்குள் வந்தன.

படிப்பு முடிந்து பரிசுப் பொருள் வடிவமைக்கும் வேலை பார்த்தார், அந்த வேலையும் போயிற்று. படங்களைப் பதிப்பகங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். சார்ல்ஸ்பிரிட்ஜ் பதிப்பகத்திலிருந்து, இந்தப் படத்துக்கு ஒரு கதை இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்படிப் பிறந்தது 1999-இல் வந்த ‘தி அக்லி வெஜிடபிள்ஸ்’. அக்கம்பக்கத்தார் எல்லாரும் பூச்செடி வைக்க, அம்மா மட்டும் சீனக் காய்கறி போடுகிறாள். மகளுக்கு வெட்கம். கடைசியில் சூப் வாசனை தெரு முழுக்கப் பரவ, பூக்களோடு வந்து கதவைத் தட்டுகிறார்கள். அந்தத் தோட்டத்தில் பாகற்காயும் உண்டு என்று தெரிந்ததும் நம் பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கோடையில் நம் கொல்லையில் என்னென்ன காய்க்கிறது என்று சொல்லவே அன்றைய கூட்டம் போதவில்லை.

அவர் கணவர் ராபர்ட் மெர்சருக்கு எலும்புப் புற்றுநோய் வந்தது. அவருக்காக எழுதியது ‘ராபர்ட்ஸ் ஸ்னோ’ என்ற படப்புத்தகம். கூடவே, படப்புத்தக ஓவியர்களிடம் மரத்தாலான பனித்துகள்களில் ஓவியம் தீட்டி வாங்கி ஏலம் விட்டார். 1 லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது, பாஸ்டனின் டேனா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குப் போயிற்று. ராபர்ட் 2007-இல் காலமானார். 2009-இல் வந்த ‘வேர் த மவுண்டன் மீட்ஸ் த மூன்’ நாவலில் மின்லி என்ற ஏழைச் சிறுமி, வீட்டின் தலைவிதியை மாற்றக் கேட்டு நிலாக் கிழவரைத் தேடிப் போகிறாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம். அதையும் கூட வந்த, பறக்கத் தெரியாத டிராகனுக்காகக் கேட்டுவிடுகிறாள். வருடம் முழுக்க வாசித்ததில் என் மனதை விட்டு நீங்காதது அந்தப் பக்கம். அந்த நூலுக்கு 2010-இல், அமெரிக்கச் சிறுவர் நூல்களுக்கான நியூபெரி ஹானர் என்ற சிறப்பு கிடைத்தது.

‘எ பிக் மூன்கேக் ஃபார் லிட்டில் ஸ்டார்’ நூலுக்கு 2019-இல், படப்புத்தக ஓவியங்களுக்கான கால்டிகாட் ஹானர் என்ற சிறப்பு. கறுப்புப் பக்கம், நட்சத்திரம் பதித்த கறுப்பு இரவு உடை. துணி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். குழந்தை நிலாப் பணியாரத்தை இரவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்க, நிலா தேய்கிறது. அன்று வீட்டிலிருந்து வட்டமாகப் போளி சுட்டு வந்து, கடித்துக் கடித்தே தேய்பிறை காட்டினார்கள் நம் பிள்ளைகள்.

பெரியவர்களுக்கான கூட்டத்தில், டெட்எக்ஸ் என்ற மேடைப் பேச்சு நிகழ்ச்சியில் அவர் ஆற்றிய உரையைப் பார்த்தோம். குழந்தையின் புத்தக அலமாரியில் தன்னைப் பார்க்கக் கண்ணாடியும், பிறரைப் பார்க்க ஜன்னலும் வேண்டும் என்கிறார். 1990-இல் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் முன்வைத்த கருத்து இது. அதை வீட்டுக்கும் பள்ளிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க உழைப்பதால்தான் கிரேஸ் லின்னைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் என்றும் சொல்கிறேன். சிறுவர் இலக்கியத்துக்கான மொத்தப் பங்களிப்புக்காக 2022-இல் அவருக்கு அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் இலக்கிய லெகஸி விருது தரப்பட்டது.

பனியால் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சரி, ஒரு வேண்டுகோள்: மின்லி கதையின் இரண்டு பிரதிகள் இன்னும் திரும்பி வரவில்லை. காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். படித்து முடித்தவர்கள் இன்றே மேசையில் வைத்துவிட்டுப் போகும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.