பெல்ட்டும் ஸ்பிண்டிலும் இணைந்த சாண்டர் பொறிகளைச் செய்வோருக்கும் விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஒரே மேசைத்தட்டின் மேல், ஓடும் உப்புத்தாள் பட்டையால் மரத்தைத் தேய்க்கும் பெல்ட் சாண்டராகவும், பெல்ட்டைக் கழற்றிவிட்டு உப்புத்தாள் உறை போட்ட ரப்பர் உருளையை ஏற்றினால், நின்று சுழலும் தண்டால் தேய்க்கும் ஸ்பிண்டில் சாண்டராகவும் ஓடக்கூடிய பொறிகளை, வீட்டில் சிறு பட்டறை வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டுதான் நீங்கள் செய்கிறீர்கள். அவர்களுக்கே விற்கவும் செய்கிறீர்கள். ஆனால் வாங்க வருகிறவர் பெட்டியின் மேலும் விவரத்தாளிலும் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்றுதான்: மோட்டார் எத்தனை வாட், கூடவே வரும் துணைப்பொருள்கள் எத்தனை, மேசை எத்தனை டிகிரி சாயும். இவற்றில் பொய் எதுவும் இல்லை. எனினும் இரண்டு பொறிகளை அருகருகே வைத்துப் பார்த்து இதை எடுப்பதா, அதை எடுப்பதா என்று முடிவெடுக்க இவை உதவுவதில்லை. எவை உதவுமோ அவற்றை நீங்கள் அச்சிடுவதில்லை என்பதே இம்மடலின் முறையீடு.

இத்தகைய பொறி எல்லாருக்கும் ஏற்றது என்று நான் வாதிட வரவில்லை. அகலப் பலகைகளை மட்டமாக்குவதற்கு இது பயன்படாது; 100 மில்லிமீட்டர் அகலமுள்ள பெல்ட் நெட்டுக்குத்தாக நின்று ஓடும்போது அது பலகையின் ஓரத்தைத்தான் தேய்க்குமே தவிர முகத்தை அல்ல. நாற்காலியின் வளைந்த கால், பெட்டியின் மூலை, வார்ப்பு மாதிரிப் பலகை, கைப்பிடி, பொம்மை என்று உள்வளைவும் வெளிவளைவும் நேர்க்கோடும் ஒரே துண்டில் கலந்து வரும் வேலைகளுக்கு மட்டும் இதைவிடப் பொருத்தமான பொறி சிறு இடத்தில் கிடைப்பது அரிது. வெளிவளைவையும் நேர் ஓரத்தையும் பெல்ட் பார்த்துக்கொள்ளும். உள்வளைவை உருளை பார்த்துக்கொள்ளும். இந்த வேலைப் பங்கீட்டை விளம்பரத்தில் நேராகச் சொல்லிவிட்டால், பலகை மட்டமாக்கும் ஆசையில் வாங்கி ஏமாந்து உங்களிடம் குறை சொல்ல யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

முதலில் மேசைத்தட்டைப் பற்றி. ஸ்பிண்டிலுக்கும் மேசைக்கும் இடையிலான கோணம் 90 டிகிரியிலிருந்து அரை டிகிரி விலகினால், 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரத்தில் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 0.44 மில்லிமீட்டர் வித்தியாசம் விழும். அப்படித் தேய்த்த இரண்டு துண்டுகளை ஒட்டுவதற்காகச் சேர்த்துப் பிடித்தால், பிழைகள் கூடிக்கொள்ளும் பக்கத்தில் இடைவெளி இரட்டிப்பாகும். பசை அதை நிரப்பினாலும் அந்த ஒட்டு நிற்காது. எனவே மேசை 45 டிகிரி சாயும் என்ற அறிவிப்பைவிட, சாய்த்துவிட்டு மறுபடியும் நிமிர்த்தும்போது அது துல்லியமாக 90-க்குத் திரும்புமா என்ற செய்தியே வாங்குபவருக்கு வேண்டும். ஒரு பொறியில், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை மேசை மேல் வைத்து, பெல்ட்டைப் பின்னிருந்து தாங்கும் முதுகுத்தகட்டோடு ஒட்டிப் பார்த்தபோது வெளிச்சம் எங்கும் கசியவில்லை. அதே மேசையை 45-க்குச் சாய்த்து, திருகை இறுக்கி, பின் தளர்த்தி, நிறுத்தத்தில் இடிக்கும் வரை தூக்கி நிமிர்த்திப் பார்த்தால் மூலைமட்டத்தின் மேல்முனையில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. காரணம் மேசையின் வார்ப்பு அல்ல. 90-ஐக் குறிக்கும் நிறுத்தத் திருகு, நகத்தால் அழுத்தினாலே வளைந்து கொடுக்கும் மெல்லிய தகட்டில் பொருத்தப்பட்டிருந்தது. தடித்த தகடும், பூட்டு நட்டுடன் கூடிய திருகும் இதைச் சரிசெய்துவிடும். மேசை மீண்டும் நிமிரும்போது எவ்வளவு விலகலாம் என்ற ஓர் எண்ணை விவரத்தாளில் அச்சிடுங்கள். அந்த எண்ணை அச்சிடத் தயங்கும் பொறியைச் சந்தேகிக்க எங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது, உருளையைச் சுற்றிய இடைவெளியை மூட மேசையின் நடுவில் சொருகும் வளையங்கள். 51 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை, 45 டிகிரி சாய்ந்த மேசையை ஊடுருவும்போது வெட்டுமுகம் வட்டமாக இராது. நெட்டளவு ஏறத்தாழ 72 மில்லிமீட்டர் உள்ள நீள்வட்டமாக இருக்கும். ஆகவே ஒவ்வோர் உருளைக்கும் வட்டத்துளை வளையம் ஒன்றும், சாய்வுக்கென நீள்துளை வளையம் ஒன்றும் வேண்டும். பலர் வட்ட வளையங்களை மட்டும் தாராளமாக வைத்துவிட்டு, சாய்வுக்குப் பெல்ட்டுக்கான பெரிய வளையத்தையே பயன்படுத்தச் சொல்கிறீர்கள். அப்போது உருளையைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் திறந்து கிடக்கும். சிறு மரத்துண்டின் நுனி அதில் சறுக்கி இறங்கினால், அடுத்த கணமே உருளை அதைப் பிடித்துத் திருகிவிடும்.

வேகத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் அதிகம். நிமிடத்துக்கு 2000 சுற்று என்று எழுதிவிட்டு விட்டுவிடுகிறீர்கள். மரத்தைத் தேய்ப்பது சுற்று எண்ணிக்கை அல்ல, உப்புத்தாளின் பரப்பு மரத்தைக் கடக்கும் வேகம். அதே 2000 சுற்றில், 51 மில்லிமீட்டர் உருளையின் பரப்பு நிமிடத்துக்கு 320 மீட்டர் வேகத்தில் கடக்கிறது. 13 மில்லிமீட்டர் உருளையின் பரப்போ 82 மீட்டர்தான் கடக்கிறது. நான்கில் ஒரு பங்கு. வாங்கியவர் சிறிய உருளையைப் போட்டு இறுக்கமான உள்வளைவைத் தேய்க்க முனைகிறார், மரம் மெதுவாகவே தேய்கிறது, பொறுமை இழந்து கையை அழுத்துகிறார். அந்த அழுத்தத்தில் சூடேறிய மரம் கருகுகிறது, பிசின் உருகி உப்புத்தாளின் மணிகளுக்கிடையே அடைக்கிறது. மேப்பிள், செர்ரி போன்ற மரங்களில் இந்தக் கருகல் தழும்பு உடனே தெரியும். அதைத் தேய்த்து நீக்க இன்னொரு மடங்கு மரம் போகும். வேகத்தை மாற்றும் வசதியைச் சேர்ப்பது விலையைக் கூட்டும் என்பதை நான் அறிவேன். ஒவ்வோர் உருளைக்குமான பரப்பு வேகத்தை ஒரு வரியில் அச்சிடுவதற்கு மையைத் தவிர வேறு செலவில்லை.

13 மில்லிமீட்டர் அளவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய உருளைகளில், மேலிருக்கும் நட்டை இறுக்கினால் நடுவிலுள்ள ரப்பர் நசுங்கிப் பக்கவாட்டில் விரிந்து உப்புத்தாள் உறையைப் பிடித்துக்கொள்ளும். மிகச் சிறிய உறையோ பல பொறிகளில் நேரடியாக எஃகுத் தண்டின் மேல் ஏறுகிறது. பிடிப்பதற்கு அங்கே ரப்பர் கிடையாது, மேலும் கீழும் அழுத்தும் வளையங்கள் மட்டுமே உண்டு. அந்த உறை வழுக்கிச் சூடாவதற்கு வாங்குபவரின் கைப்பழக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

பொறியின் சிறப்பாக நீங்கள் பெருமையுடன் சொல்லும் ஏற்ற இறக்கத்துக்கு வருகிறேன். உருளை சுழன்றுகொண்டே நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முறை மேலும் கீழும் போய்வருவதால், மரத்தில் ஒரே இடத்தில் கோடுகள் விழுவதில்லை, சூடும் பரவிக்கொள்கிறது. இந்த நன்மை உண்மையானது. ஆனால் இந்த மேல்கீழ் அசைவின் நீளம் பெரும்பாலும் 16 முதல் 19 மில்லிமீட்டர்தான். 19 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையைத் தேய்த்தால், உறையில் வேலை செய்வது ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் பட்டை மட்டுமே. 115 மில்லிமீட்டர் உயரமுள்ள உறையின் எஞ்சிய பகுதி புதிதாகவே நிற்கும்போது, கீழ்ப்பட்டை மழுங்கிப் போயிருக்கும். உறையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இன்னொரு 35 கிடைக்கும். நடுப்பகுதியை எட்டவோ, மேசையின் மேல் தடித்த பலகை ஒன்றை வைத்து வேலையை உயர்த்திக்கொள்ள வேண்டும். அனுபவமுள்ளவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்குத் தோதாக மேசையின் ஓரங்களில் இரண்டு துளைகளும் மரையும் போட்டுக் கொடுத்தால், தூக்குபலகையைத் தள்ளாடாமல் பொருத்திக்கொள்ள முடியும். உறைகளை அதிகம் விற்பதற்காக இதைத் தவிர்க்கிறீர்கள் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அத்தனை திட்டமிட்டுச் செய்வதாக நான் நினைக்கவில்லை, யாரும் யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பெல்ட்டின் அளவில் உங்களைப் பாராட்டவும் இடமிருக்கிறது. ரிட்ஜிட், டிரைட்டன் ஆகிய பெயர்களில் வரும் இவ்வகைப் பொறிகள் 100 × 610 மில்லிமீட்டர் பெல்ட்டை ஏற்கின்றன. கையில் பிடித்து ஓட்டும் பெரிய பெல்ட் சாண்டர்களுக்கும் அதே அளவு இருப்பதால், எந்தத் தரத்தில் வேண்டுமானாலும் பெல்ட் கிடைக்கும். இந்த அளவை விட்டு விலகிச் சொந்த அளவு வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன்: அந்தப் பெல்ட்டை நீங்கள் எத்தனை ஆண்டுகளுக்குத் தருவீர்கள்? பெல்ட்டின் இணைப்பை ஒட்டும் பசை ஈரத்திலும் வெப்பத்திலும் நலிவடைவதால், இன்றே பத்து வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பதும் எங்களுக்கு வழியல்ல.

மோட்டாரின் வாட் எண்ணைப் பற்றி ஒரு சொல். 450 வாட் என்பது மோட்டார் மின்சாரத்திலிருந்து எடுப்பதா, தண்டில் கொடுப்பதா? இரண்டும் வேறு. அதோடு, பெயர்த்தகட்டில் எஸ்1 என்றிருந்தால் அந்தப் பளுவில் தொடர்ந்து ஓடலாம். எஸ்2 என்றும் அருகில் 30 நிமிடம் என்றும் இருந்தால், அரை மணிக்குள் நிறுத்தி முழுதாக ஆறவிட வேண்டும். இந்தக் குறி பெரும்பாலும் பொறியின் பின்பக்கத் தகட்டில் சிற்றெழுத்தில் கிடக்கிறது. விளம்பரத்தில் காணப்படுவதோ உச்ச குதிரைத்திறன். நாற்காலிக்கால்கள் எட்டை வரிசையாகத் தேய்க்க உட்காருகிறவருக்கு எந்தச் செய்தி முக்கியம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தூசியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, 1995-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் மரத்தூசியை மனிதர்க்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கிலும் அதைச் சுற்றிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோயே அதில் முதன்மையானது. ரம்பத்தூளைவிட உப்புத்தாள் உண்டாக்கும் தூசி பெரிதும் நுண்மையானது, நெடுநேரம் காற்றில் மிதப்பது. அப்படியிருக்க, தூசி வெளியேறும் வாயை மேசைக்கடியில் ஸ்பிண்டிலை ஒட்டி வைத்துவிட்டு, பெல்ட் ஓடும்போது தூசி, பெல்ட் வளைந்து திரும்பும் முனையில் பக்கவாட்டில் வீசப்படுவதைக் கவனியாமல் விடுகிறீர்கள். அந்த முனைக்கும் ஒரு மூடியும் குழாய் வாயும் வேண்டும். வாயின் விட்டத்தையும், அது உள்ளே நுழையும் குழாய்க்கா வெளியே கவியும் குழாய்க்கா என்பதையும் மில்லிமீட்டரில் சொல்லுங்கள்; வீட்டு வாக்குவம் குழாயைச் செருக முடியாமல் துணியைச் சுற்றிக் கட்டியிருக்கும் பொறிகளைப் பார்ப்பது வருத்தமாக இருக்கிறது. இரும்பைத் தீட்டும் படத்தை மட்டும் தயவுசெய்து விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மரத்தூசி நிறைந்த குழாய்க்குள் எஃகின் தீப்பொறி போனால், பை உள்ளுக்குள் கனன்று வெகுநேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும்.

சுவிட்ச் விஷயத்தில் தயக்கத்துக்கு இடமே இல்லை. மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது பொறி தானாக ஓடத் தொடங்காதபடி செய்யும் சுவிட்ச் இவ்வகைப் பொறிகள் எல்லாவற்றிலும் இருக்கவேண்டும். விலை குறைந்த மாதிரிகளில் அதைக் கழித்துவிடுவது, புதிதாகக் கற்றுக்கொள்பவர்களிடமே ஆபத்தைத் தள்ளிவிடுவதாகும்.

இரண்டு பொறிகளின் வேலையை ஒன்று செய்கிறது என்பதே உங்கள் விற்பனையின் அடிப்படை. ஆனால் பெல்ட்டிலிருந்து உருளைக்கு மாற, பெல்ட்டை இறுக்கிவைக்கும் நெம்புகோலைத் தளர்த்தி, பெல்ட்டை உருவி, பெல்ட் தொகுதியைத் தூக்கி எடுத்து, சரியான கீழ்வளையத்தையும் உருளையையும் மேல்வளையத்தையும் தேடி ஏற்றி, நட்டை இறுக்கி, மேசை வளையத்தையும் மாற்றவேண்டியிருக்கிறது. இதில் ஏதாவது ஒன்றுக்குத் தனிச் சாவி தேவைப்பட்டு அது கைக்கெட்டாத இடத்தில் இருந்தால், பொறி கடைசியில் பெல்ட் சாண்டராக மட்டுமே வாழ்கிறது. சாவி, உருளைகள், வளையங்கள் எல்லாவற்றையும் பொறியின் உடலிலேயே வரிசையாக மாட்டிவைக்க இடம் கொடுத்திருப்பவர்கள் உங்களில் உண்டு. மற்றவர்களும் பின்பற்றலாம்.

கடைசியாக உதிரிபாகங்கள். மேசை வளையங்கள் மெல்லிய பிளாஸ்டிக்கில் வருகின்றன. உடைகின்றன, தூசிக்குள் தொலைகின்றன. அவற்றைத் தனியாக விற்க இயலாது என்றால், ஒவ்வொரு வளையத்தின் வெளிவிட்டம், உள்துளை, தடிமன், அது அமரும் பள்ளத்தின் ஆழம் ஆகிய நான்கு அளவுகளையும் கையேட்டின் பின்னட்டையில் படமாக வரைந்து கொடுங்கள். பிளைவுட்டில் நாங்களே அறுத்து, உங்கள் பொறியிலேயே தேய்த்துப் பொருத்திக்கொள்வோம்.

இப்படிக்கு,
வீட்டுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவன்