பொதி சுமந்த கதை

டேய் குணா,

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலையில் பார்ப்போம் என்று சொன்னவன் நான், வராமல் போனவனும் நான்தான். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். மாறனுக்கு அதே கார், அதே ஹார்ன்.

நான் காணாமல் போனதற்குக் காரணம் ஐந்து பழைய மடிக்கணினிகள். இங்கே ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கிறதே, அதற்காக ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்தது. எல்லாம் இன்டெலின் மூன்றாம் தலைமுறை ஐ5 சிபியு, 2012 வாக்கில் வந்தவை. உபுண்டு லினக்ஸைப் போட்டுவிட்டுப் போயேன் என்பாய், தெரியும். ஆனால் நான் ஜென்டூக்காரன் ஆயிற்றே, மூலநிரலை எடுத்து அவனவன் கணினியிலேயே கம்பைல் செய்து (அது ஓட்டும் நிரலாக மாற்றி) போட்டுக்கொள்ளும் லினக்ஸ் கட்சி (அந்தக் கால மதராஸ் வெள்ளைக்காரன் தெலுங்கைத்தான் ஜென்டூ என்பான், உன் பாட்டியிடம் சொல்லிவை). ஒன்றில் லிப்ரே ஆபீஸைக் கம்பைல் செய்ய விட்டேன். மறுநாள் சாயங்காலமும் முடியவில்லை, அடியில் கையை வைத்தால் இஸ்திரிப் பெட்டி.

சரி, வீட்டில் இருக்கும் என் புது ஏஎம்டி ரைசன் கணினியில் எல்லாம் ஏற்கெனவே கம்பைலாகிக் கிடக்கிறது, அதையே கொடுத்துவிடலாமே என்று நிறுவியிருப்பதை அப்படியே கட்டித் தரும் குவிக்பேக்கேஜ் போட்டுப் பொதிகளாகக் (பேக்கேஜ்) கட்டி, ஒரு வரியில் பைத்தான் வெப் சர்வரை ஓட்டி, ஐந்தையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒட்டுக்கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஐந்து திரையிலும், இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது என்று சிபியு கைவிரிக்கும் ஒரே வரி: இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்.

எப்படிக் கம்பைல் செய்வது என்று எழுதிவைக்கும் என் மேக் டாட் கான்ஃப் கோப்பில் 'மார்ச் நேட்டிவ்' இருந்ததை மறந்துவிட்டேன்டா. இந்த சிபியுவுக்கு என்னென்ன தெரியுமோ அத்தனையையும் வைத்துக் கம்பைல் செய் என்று அர்த்தம். ரைசனுக்கு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு தெரியும். இன்டெலில் அது 2013இல் நான்காம் தலைமுறை ஹாஸ்வெல்லோடுதான் வந்தது, இந்தக் கிழங்களுக்கு எங்கே தெரியப்போகிறது? செத்தது பைத்தான். ஜென்டூவில் பொதிகளை நிறுவும் எம்ர்ஜ் எழுதப்பட்டதே பைத்தானில். வைத்தியனே படுத்துவிட்டான்! ஒன்றில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடு என்று வருஷக்கணக்காக உனக்குப் பாடம் எடுத்தவன் நான். சிரி, நல்லா சிரி.

2023 டிசம்பர் கடைசியிலிருந்து ஜென்டூவே ஆயத்தப் பொதிகள் தருகிறது. யூஎஸ்பியில் பூட் செய்து, அங்கிருந்து பைத்தானையும் அதோடு சேர்ந்த சிலவற்றையும் இறக்கி, டார் கோப்பைக் கையால் பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாக எழுப்பினேன். அப்புறம் ரைசனில் 'நேட்டிவ்' என்பதை ஏவிஎக்ஸ்2 கேட்காத எக்ஸ்86-64-வி2 என்று மாற்றி, கம்பைலானதைப் பொதியாகவும் கட்டிவைக்கும் பில்ட்பேக்கேஜும் வைத்து எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்தேன். இப்போது நாலு ஒழுங்காக எடுத்துக்கொள்கின்றன. ஐந்தாவதில் மட்டும் ஏதோ ஒரு யூஸ் ஃபிளாக் (எந்த வசதி வேண்டும், வேண்டாம் என்ற குறி) வேறாக இருந்ததால், உன் பொதி எனக்கு வேண்டாம் என்று அது தானாக மூலநிரலை எடுத்துக் கம்பைல் செய்ய உட்கார்ந்துவிட்டது. மாறன் மாதிரியே.

இதெல்லாம் போகட்டும், எழுத வந்தது வேறு. குவிக்பேக்கேஜ் சும்மா விட்டால் அமைப்புக் கோப்புகளை (நாம் எழுதிவைக்கும் செட்டிங்குகள்) சேர்க்காது. நான் புத்திசாலித்தனமாக அவற்றையும் சேர் என்று சொல்லியிருக்கிறேன். மெயில் அனுப்பும் நிரலின் கோப்பில் என் கடவுச்சொல் அப்படியே எழுத்தில். பிள்ளைகளின் கணினி ஐந்திலும் அது போய் உட்கார்ந்திருந்தது. நேற்று ராத்திரிதான் பார்த்தேன், அதன்பிறகு தூக்கமே இல்லை. ஐந்திலும் அழித்துவிட்டேன்.

ஆறாவது பிரதி உன்னிடம் இருக்கிறது. போன மாதம் மாறனிடம் கொடுத்தனுப்பிய பென்டிரைவ், அதே பழைய பொதிகள். இன்னும் செருகவில்லையென்றால் செருகாதே. செருகிவிட்டாயென்றால் முதலில் உன் கணினி உயிரோடு இருக்கிறதா என்று ஒரு வரி எழுது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன், அதில் கவலையில்லை. ஆனால் பழையது என்னவென்று பார்த்துத் தொலைத்தால் மாறனிடம் மட்டும் சொல்லிவிடாதேடா.

சேது