1911 பிஸ்டல் வாங்கப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள சேகருக்கு,

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். அடுத்த கோடையில் ஒஹையோவுக்கு வந்து கேம்ப் பெர்ரி துப்பாக்கி சுடும் போட்டியில் சுடப்போகிறாய் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. அதனால் நேரே பிஸ்டல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நீ அனுப்பிய உதிரிபாகப் பட்டியலைப் பார்த்தேன். அதில் ஒன்றையும் இப்போது வாங்காதே. முதலில் பிஸ்டல், நல்ல மேகசின் (தோட்டா நிரப்பும் பெட்டி) நாலு, 230 கிரெயின் (குண்டின் எடை அளவு) ஃபுல் மெட்டல் ஜாக்கெட், அதாவது குண்டுக்கு உலோக உறை போட்ட தோட்டா 500. இந்த 500-ஐயும் சுட்டு முடிக்கும்வரை எதிலும் கைவைக்காதே. மேகசின்களின் அடியில் 1, 2, 3, 4 என்று எழுதி வை. தோட்டா சிக்கும்போதெல்லாம் எந்த எண் என்று குறித்துக்கொள். எப்போதும் 3-லேயே சிக்கினால் கோளாறு அந்த மேகசினில்தான், பிஸ்டலில் இல்லை. 1911-இல் தோட்டா ஏறாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் மேகசினின் வாய் விரிந்ததோ அதன் ஸ்பிரிங் தளர்ந்ததோதான் காரணம். ஒரே நாளில் ஐந்து பாகங்களை மாற்றிவிட்டு ஸ்லைடு (குழலுக்கு மேல் முன்னும் பின்னும் ஓடும் பாகம்) பாதியில் நின்றால் எதைக் குற்றம் சொல்வாய்?

எதை வாங்குவது? 5 அங்குலக் குழல், எஃகு ஃபிரேம் (கைப்பிடியோடு சேர்ந்த உடல்), .45 ஏ.சி.பி. தோட்டா. கமாண்டர் என்ற குட்டை வகை 4.25 அங்குலம், இடுப்பில் வைக்க நன்றாயிருக்கும், இலக்குச் சுடுதலுக்கு நீளமே நல்லது. 3.5 அங்குலத்தை விட்டுவிடு. ஸ்லைடு ஓடும் தூரம் குறைவு, ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்தாலும் முரண்டு பிடிக்கும். முன் சைட் (குறி பார்க்கும் முளை) டவ்டெயில், அதாவது அடி அகன்ற பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பார். பழைய ராணுவ பாணியில் அது சின்னத் துளையில் செருகி உள்ளிருந்து அடித்து விரிக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற ஸ்லைடையே மில்லிங் மெஷினில் ஏற்ற வேண்டும். சீரீஸ் 80 என்ற வடிவமைப்பில், தோட்டாவின் அடியைக் குத்தும் ஃபயரிங் பின்னைத் தடுக்கும் கூடுதல் பாகங்கள் டிரிகரோடு சேர்ந்து அசையும். அது குறையில்லை, ஆனால் சுத்தமான டிரிகர் வேண்டுமென்றால் அந்தத் தடுப்பு இல்லாத சீரீஸ் 70 அமைப்பில் வேலை சுலபம்.

கடையில் அனுமதி கேட்டு, காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, இந்தச் சோதனையைச் செய். ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியல்) இழுத்து நிறுத்தி, கட்டைவிரல் சேஃப்டியை (சுடாமல் தடுக்கும் நெம்பு) போடு. டிரிகரை நன்றாக அழுத்தி விடு. சேஃப்டியை எடு, ஹேமர் விழவே கூடாது. பிறகு காதருகே வைத்து ஹேமரை விரலால் மெல்லப் பின்னுக்கு இழு. 'டிக்' என்று சின்ன ஒலி கேட்டால், சேஃப்டி போட்டிருந்தபோதே சியர் (ஹேமரைத் தடுத்து நிறுத்தும் சிறு பாகம்) நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை வாங்காதே. அடுத்து, ஸ்லைடை மூடிவைத்து குழலின் பின்முனையைக் கட்டைவிரலால் கீழே அழுத்து. அசைவு தெரியாவிட்டால் குழல் ஸ்லைடோடு நன்றாகப் பூட்டியிருக்கிறது.

500 முடிந்த பிறகு முதல் செலவு சைட். இரண்டாவது, கைக்குப் பொருத்தம். சிறிய கைகளுக்கு டிரிகர் எட்டவில்லை என்றுதான் 1920-களில் எம்1911ஏ1 என்ற திருத்திய மாதிரியில் டிரிகரைக் குட்டையாக்கி, அதன் பின்னால் ஃபிரேமை இருபுறமும் வழித்தார்கள். கைப்பிடியின் பின்புறமுள்ள மெயின்ஸ்பிரிங் ஹவுசிங்கையும் வளைவாக்கினார்கள். இன்று நெடிய, குட்டை டிரிகர்களும் தட்டை, வளைவு ஹவுசிங்குகளும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. கிரிப் மாற்றும்போது திருகைக் கழற்றினால் சில நேரம் அடியிலுள்ள புஷிங்கும் (திருகு இறங்கும் சிறு மரைக்குழல்) சேர்ந்து சுழன்று வரும். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் ஃபிரேமின் மரை போய்விடும், மெதுவாகச் செய்.

ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்குக்கு உன் பட்டியலில் 20 பவுண்டு எழுதியிருக்கிறாய். வேண்டாம். 5 அங்குல .45-க்கு 16 பவுண்டுதான் அளவு. அதிக பலமுள்ள ஸ்பிரிங் ஸ்லைடை வேகமாகத் திருப்பி அனுப்பும். மேகசின் அடுத்த தோட்டாவை மேலே தள்ளும் முன்பே ஸ்லைடு வந்துவிட, தோட்டாவின் மூக்கு கீழே குத்தி நிற்கும். இலக்குச் சுடுதலுக்கு விசை குறைந்த மென்மையான தோட்டா போட்டால் 16-ஐயும் இறக்க வேண்டியிருக்கும்.

சுட்ட ஓட்டைக் குழலிலிருந்து இழுக்கும் எக்ஸ்டிராக்டர்தான் பலரும் மறக்கிற பாகம். இது தனி ஸ்பிரிங் இல்லாமல், தன் வளைவின் விறைப்பிலேயே தோட்டாவைப் பிடிக்கிறது. ஸ்லைடைக் கழற்றி, மருந்தில்லாத டம்மி தோட்டாவின் விளிம்பை அதன் கொக்கிக்குக் கீழே செருகு. மெல்ல ஆட்டினாலும் விழாமல் நிற்க வேண்டும், பலமாக உதறினால் விழ வேண்டும். லேசில் விழுந்தால் சுட்ட காலி ஓடு கண்டபடி தெறிக்கும். உதறியும் விழாவிட்டால் தோட்டா பாதி ஏறி நிற்கும். சரிசெய்யும் வளைப்பு மிகச் சிறிதாகவே இருக்க வேண்டும். தோட்டாவைக் கையால் குழலில் போட்டு ஸ்லைடை விடும் பழக்கம் இந்தக் கொக்கியைக் கெடுக்கும். எப்போதும் மேகசினிலிருந்தே ஏற்று.

டிரிகர் வேலையை மட்டும் நீ தொடாதே, உனக்கு எவ்வளவு பொறுமை இருந்தாலும் சரி. சியரும் ஹேமர் கொக்கியும் சந்திக்கும் முகத்தின் உயரம் ஏறக்குறைய 0.020 அங்குலம்தான். சாணைக்கல்லில் கோணம் பிசகினாலோ, மூன்று விரல் ஸ்பிரிங்கில் சியரை அழுத்தும் இடது விரலை அதிகம் தளர்த்தினாலோ, ஸ்லைடு மூடும்போது ஹேமரும் கூடவே விழும். அப்படி ஒருமுறை நடந்தாலும் அன்று சுடுவதை நிறுத்து. தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து டிரிகர் இழுவிசையை 4.25 பவுண்டாக வைக்கச் சொல். கேம்ப் பெர்ரி போட்டியை நடத்தும் சி.எம்.பி. அமைப்பின் சர்வீஸ் பிஸ்டல் பிரிவுக்கு 4 பவுண்டு குறைந்தபட்சம். குழலை மேல்நோக்கிப் பிடித்து, டிரிகரில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். சரியாக 4-இல் வைத்தால் தேய்மானத்தில் எடை தாங்காது. கையால் பொருத்தும் பீவர்டெயிலையும் (கைப்பிடியின் மேலே பின்னால் நீளும் வால்) குழல் முனையைத் தாங்கும் புஷிங்கையும் அதே ஆளிடமே விடு. புஷிங் மிக இறுக்கமானால் குழல் சாய முடியாமல் நெம்பி, அதுவே விரிசல் விடும்.

ரீகாயில் ஸ்பிரிங்கின் உள்ளே போகும் ஃபுல் லெங்த் கைடு ராடை உன் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அதனால் குறி கூடியதாக நான் பார்த்ததில்லை, கழற்றுவதுதான் கஷ்டமாகும்.

கடைக்குப் போகும்போது காலிப் பிஸ்டலைச் சுடுவது போலப் பிடித்து, விரலை டிரிகரில் வை. நுனிச் சதை விழுகிறதா, முதல் மூட்டு விழுகிறதா என்று எழுது. நெடியதா குட்டையா என்று அப்போது சொல்கிறேன்.

அன்புடன்,
முரளி