வழிகாட்டுதல் இருக்கிறது, சட்டம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உடலின் பல்வேறு வகை உயிரணுக்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல் பற்றிய ஆராய்ச்சிக்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்கள், குளோனிங் முறையில், அதாவது ஒருவரின் மரபணு நகலாக, குழந்தை உருவாக்குவதை அடியோடு தடை செய்கின்றன. மனிதக் கருவை ஆய்வகத்தில் 14 நாள்களுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்கின்றன. குழந்தைக்காக அன்றி, ஸ்டெம் செல்களைப் பெறுவதற்காக மட்டும் அம்முறையில் கருவை உருவாக்கும் சிகிச்சை நோக்கிலான குளோனிங்கைக் கடும் கண்காணிப்புக்கு உட்பட்ட ஆராய்ச்சியாக மட்டுமே ஏற்கின்றன. ஆனால், மீறுபவரைத் தண்டிக்கும் பிரிவு அவற்றில் இல்லை. பிரிட்டனிலோ, 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெறாமல் மனிதக் கருவில் ஆராய்ச்சி செய்வதே குற்றம். அந்த உரிமத்தைப் பெற்றுத்தான் 2004-இல் நியூகாசில் பல்கலைக்கழகம் சிகிச்சைக் குளோனிங் ஆய்வைத் தொடங்கியது.

என் உறவினர் ஒருவர், ஆட்டிசம் உள்ள தம் மகனுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் ‘ஸ்டெம் செல் ஊசி’ போட்டார். நகை அடகுச் சீட்டும் மருத்துவமனையின் ஒப்புதல் படிவமும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கின்றன. படிவத்தை இருமுறை படித்தேன். ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லே அதில் இல்லை. சில ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை போன்ற நிரூபிக்கப்பட்டவை தவிர மற்றவற்றை அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனையாக மட்டுமே, நோயாளியிடம் கட்டணம் வாங்காமல் செய்ய வேண்டும் என்பதை அந்தப் பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. பிள்ளை பேசிவிடுவான் என்ற ஏக்கத்தையே விலை பேசியிருக்கிறார்கள்.

செயற்கைக் கருத்தரிப்புக்கும் வாடகைத் தாய் முறைக்கும் 2021-இல் தனித்தனிச் சட்டம் இயற்றிய நாடாளுமன்றம், உரிமம், ஆய்வு, சிறைத் தண்டனை, இழப்பீடு ஆகியவை அடங்கிய ஸ்டெம் செல் சட்டத்தையும் விரைந்து நிறைவேற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி