மேட்டுப்பாளையத்தில் பிரேக் டிஸ்க் மாற்றித் தந்த அண்ணனுக்கு

கோத்தகிரியிலிருந்து அம்மாவோடு வேனில் இறங்கி வரும்போது பிரேக்கைத் தொட்டாலே ஸ்டியரிங் உதறியது, கரகரவென்று இரும்பு உரசும் சத்தம் வேறு. நீங்கள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தீர்கள் அண்ணா. நான் வாயைத் திறக்கும் முன்பே ஜாக்கியோடு வந்துவிட்டீர்கள். பிரேக் பேட் சுத்தமாகத் தேய்ந்து, அது பிடிக்கும் இரும்புத் தட்டான டிஸ்க்கில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்று சொல்லி, உங்கள் பைக்கிலேயே போய் இரண்டு பக்கத்துக்கும் டிஸ்க்கும் பேடும் வாங்கி வந்தீர்கள். டிஸ்க் உட்காரும் ஹப்பில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, புது டிஸ்க்கின் எண்ணெயைத் துடைத்து, பெடல் கெட்டியாகும் வரை மிதித்துப் பார்த்த பிறகுதான் சாவியைத் தந்தீர்கள். அம்மாவுக்கு நாற்காலியும் சுடுதண்ணீரும் எப்போது கொண்டு வந்து வைத்தீர்கள் என்றே தெரியவில்லை. பேரைக்கூடக் கேட்காமல் கிளம்பிவிட்டேன். "300 கிலோமீட்டர் வரைக்கும் திடீர்னு அழுத்திப் பிடிக்காதே தம்பி" என்றீர்களே, அப்படியேதான் ஓட்டினேன். ரொம்ப நன்றி அண்ணா.