ஜப்பானிய சினிமா இயக்குநர் யசுஜிரோ ஓஸு ஐயாவுக்கு, டிசம்பர் 12 அன்று

ஓஸு ஐயா,

நீங்கள் பிறந்ததும் இதே தேதியில், போனதும் இதே தேதியில், சரியாக 60 வயதில். உங்கள் கதையை உங்களிடமே சொல்வானேன்? நீங்கள் போனபிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன். எங்காகுஜி கோயிலில் ‘மு’, அதாவது ஒன்றுமில்லை, என்ற ஒற்றை எழுத்து செதுக்கிய உங்கள் கல்லறைக்கு இன்னும் மதுப்புட்டியோடு ஆட்கள் வருகிறார்கள். உங்கள் நாயகி செட்சுகோ ஹாரா அதன்பிறகு நடிக்கவே இல்லை. காமகுராவில் ஒதுங்கி வாழ்ந்து 2015-ல் காலமானார்.

உங்கள் ‘டோக்கியோ ஸ்டோரி’ படத்தை அம்மாவோடு பார்த்தேன். பேரனைக் கூட்டிக்கொண்டு பாட்டி மேட்டுக்குப் போவாளே, அந்த இடம். பெரியவனானால் என்ன ஆவாய், அப்பா மாதிரி டாக்டரா, நீ டாக்டராகும்போது நான் இருப்பேனோ என்னவோ என்கிறாள். பையன் காதிலேயே வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கி வைப்பீர்கள். அம்மாவும் தரையில்தான் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. “அந்தப் புள்ள ஏதாவது பதில் சொல்லலாமில்ல” என்றாள். சோபாவில் இருந்த நானும் பதில் சொல்லவில்லை. போனில் ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டி இறந்தபிறகு ஒசாகாவிலிருந்து பிந்தி வரும் அவள் மகன் கெய்சோ மாதிரிதான் நானும் வந்து சேர்ந்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய்யில்லை. முந்தின நாளே கிளம்பியிருக்கலாம் என்பதும் பொய்யில்லை. இதற்குமேல் இங்கே எழுத முடியாது, அக்கா படிப்பாள்.

கோயிலில் மர மேளத்தின் சத்தம் தாங்காமல் கெய்சோ எழுந்து வெளியே வருகிறான். ஒவ்வொரு அடிக்கும் அம்மா சின்னதாகிக்கொண்டே போவதுபோல் இருக்கிறதாம். அதை எப்படி எழுதினீர்கள்? நீங்கள் கல்யாணமே செய்துகொள்ளாமல், 1962-ல் அம்மா போகும்வரை அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர். பிந்தி வருகிறவன் வயிற்றெரிச்சல் உங்களுக்கு எங்கிருந்து தெரிந்தது? தெரிந்தும் ஏன் எங்களைச் சும்மா விட்டீர்கள்? பிள்ளைகள் வளர்ந்தால் அவரவர் வாழ்க்கை அவரவருக்கு என்று எங்களுக்காக அந்த வீட்டு விதவை மருமகள் நொரிகோவை வாதாட வைத்தீர்கள். அவ்வளவு நல்லவள் வாயால் அதைச் சொல்ல வைத்திருக்க வேண்டாம். அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மா பதில் எதிர்பார்த்தாள் என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததே உங்கள் படம்தான்.

அதன்பிறகு எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். மேட்டுக் காட்சி வந்தால் மட்டும் தள்ளி ஓட்டிவிடுவேன். இன்று ராத்திரி தள்ளி ஓட்டப்போவதில்லை. போனை அடுத்த அறையில் வைத்துவிட்டேன். தரையில் பாய் விரித்திருக்கிறேன்.